தீயை விட்டு வீடு வந்த தம்பி

ஸ்ரீவில்லிபுத்தூர் வடபத்திரசாயிப் பெருமாளின் திருவடி நிழலில் என் தம்பி இளைப்பாறத் தொடங்கி ஓராண்டு நிறைகிறது. இம்மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்க்கும் நண்பர்க்கும் மூத்தவளாகிய நான் முதற்கண் கைகூப்புகிறேன். இளையவரைப் பற்றி மூத்தவள் நினைவுக் கட்டுரை எழுதுவது முறை மாறிய செயல்தான். பிறக்கும் வரிசையை நாம் அறிவோம். அழைக்கப்படும் வரிசையை அவன் ஒருவனே அறிவான் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு எழுதுகிறேன். இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளையை ‘அவர்’ என்று எழுத விரல் சற்றுத் தயங்குகிறது. ஆயினும் அச்சில் ஏறும் எழுத்துக்கு ஒரு மரியாதை உண்டு. ஆகையால் அவ்வாறே எழுதுகிறேன்.

தம்பி, வத்திராயிருப்புக்கு அருகிலுள்ள மகாராஜபுரத்தில் பிறந்தார். எங்கள் தந்தையார் நெல்லும் தென்னையும் பயிரிட்டவர். தம்பி பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோதே தந்தையார் ஒரு விஷக்காய்ச்சலில் காலமானார். அன்றுமுதல் எங்களைத் தாங்கியவர் தந்தையாரின் இளைய சகோதரராகிய சித்தப்பா. காவல்துறையில் ஏட்டாக இருந்தவர். தம் சம்பளத்தில் தம்பியைப் படிக்கவைத்தார். என்னை ஸ்ரீவில்லிபுத்தூரில் நல்ல குடும்பத்தில் மணம் முடித்துக் கொடுத்தார். முதுமையிலும் நிமிர்ந்த முதுகோடு இன்றும் நம்மிடையே இருக்கிறார். அவருடைய சொல்லுக்கு எங்கள் வீட்டில் எவ்வளவு எடை என்பதை அறிந்தால்தான் இனி நான் எழுதப்போவது விளங்கும்.

மகாராஜபுரத்து வீட்டுக் கூடத்தில் ஒரு சுவர் முழுவதும் புகைப்படங்கள். பட்டாளத்தில் இருந்தோரும் காவல்துறையில் இருந்தோருமாக எல்லாரும் சீருடையில் நிற்பார்கள். சம்பந்தம் பேச வருவோரைச் சித்தப்பா முதலில் அந்தச் சுவரின் முன்புதான் நிறுத்துவார். “எங்க செவுத்துல தொப்பி இல்லாத தலை கிடையாது” என்பார். வந்தவர்கள் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் காப்பி குடிக்க முடியும்.

தம்பியும் காவலர் தேர்வுக்குத்தான் சென்றார். தேர்வில் வென்றபின் அவருக்கு ஒதுக்கப்பட்டது தீயணைப்புத் துறை. அதைக் கேட்டுச் சித்தப்பாவின் முகம் சற்று வாடியது.

“தண்ணி வண்டி உத்தியோகமாலே? அதுக்குத் தொப்பி உண்டா?”

“ஹெல்மெட்டே உண்டு சித்தப்பா. உங்க தொப்பியை விடக் கனம்.”

“அப்பச் சரி. போட்டோ எடுத்து அனுப்பு.”

இப்படித்தான் தம்பியும் அந்தச் சுவரில் ஏறினார்.

பயிற்சி முடிந்து பல ஊர்களில் பணியாற்றிய பிறகு அவர் இராஜபாளையம் நிலையத்துக்கு வந்தார். அதற்கு முன்பே கூமாப்பட்டியைச் சேர்ந்த செண்பகத்தை மணந்திருந்தார். மகள் ஒருத்தி, மகன் ஒருவன். நம் பக்கத்தில் தீபாவளி என்பது தீயணைப்பாளர் வீட்டில் தலைவன் இல்லாத திருநாள். எண்ணெய் தேய்த்துக் குளித்த பிள்ளைகளை அழைத்துக்கொண்டு செண்பகம் நிலையத்து வாசலுக்குப் பலகாரத் தூக்குடன் போவாள். வண்டி உள்ளே நின்றால் தந்தையைப் பார்ப்பார்கள், வெளியே போயிருந்தால் காவலுக்கு நிற்பவரிடம் தூக்கைக் கொடுத்துவிட்டுத் திரும்புவார்கள். இதைக் குறையாக அவள் ஒருபோதும் சொன்னதில்லை.

இராஜபாளையம் பஞ்சாலைகள் நிறைந்த ஊர் என்பது நீங்கள் அறிந்ததே. பஞ்சுப் பொதியில் பிடிக்கும் தீயின் குணம் வேறு என்று தம்பி சொல்வார். மேலே தண்ணீர் பீய்ச்சினால் சுடர் அடங்கிவிடும். பொதி நனைந்து கறுத்துக் கிடக்கும். பார்ப்பவர் அணைந்துவிட்டது என்று நினைப்பார்கள். உள்ளே கங்கு உயிரோடு இருக்கும். ஆகவே ஒவ்வொரு பொதியையும் வெளியே இழுத்து, இரும்புப் பட்டையை வெட்டி, பஞ்சைப் பிரித்துப் பிரித்து நனைக்க வேண்டும். சுடர் அடங்கியபின் செய்யும் அந்த வேலைதான் நெடிது. அதில்தான் புகையும் மிகுதி. எல்லாம் முடிந்துவிட்டது என்று ஆலைக்காரர்கள் வீட்டுக்குப் போன பிறகும், பிரித்த பஞ்சின் நடுவே தம்பியும் தோழர்களும் குனிந்து நின்றிருப்பார்கள்.

பணி முடிந்து ஓய்வு கிடைக்கும் நாட்களில் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வருவார். கோயிலில் நாங்கள் பாசுரம் சேவிக்கும்போது சற்றுத் தள்ளி, தூண் அருகில் நிற்பார். ஏன் அருகில் வரவில்லை என்றால், “உடம்புல புகை வாசம் போகலக்கா, துளசி வாசத்தைக் கெடுத்துரும்” என்பார். ஏடு பிடித்துக் கற்றவர் அல்லர். கேட்டுக் கேட்டே அவர் நெஞ்சில் பதிந்தவை பல. முதலையின் வாயில் சிக்கிய யானை கூப்பிட்ட குரலுக்குப் பெருமாள் விரைந்து ஓடிவந்த கதையைச் சொன்னால் மட்டும் அவர் கண்கள் கலங்கும். ஒருமுறை காரணம் கேட்டேன். “கூப்பிட்ட குரலுக்கு உடனே போய்ச் சேர்றது எம்புட்டுக் கஷ்டம்னு எனக்குத் தெரியும்லாக்கா” என்றார்.

ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அருகிலுள்ள திருவண்ணாமலைக்குப் பெருமாளைச் சேவிக்கச் சென்றிருந்தோம். படி ஏறிக்கொண்டிருந்த தம்பி பாதியில் அமர்ந்துவிட்டார். நெஞ்சு ஏறி ஏறி இறங்கியது.

“என்னய்யா செய்யுது?” என்றேன்.

“ஒண்ணுமில்லக்கா. செத்த நேரம் உக்காந்துட்டு வாரேன்.”

“இந்தச் செத்த நேரம்தான் மதினி இப்ப வீட்டு மாடிப்படியிலயும் உக்காருதாவ” என்றாள் செண்பகம், தம்பியைப் பார்க்காமல், கூட்டத்தைப் பார்த்தபடி. “கேட்டா, படியில காத்து நல்லா வருதுங்காவ.”

அந்த வாரமே மதுரையில் மருத்துவரிடம் காட்டினோம். ஆண்டுக்கணக்காக உள்ளே போன புகை நுரையீரலைத் தடிக்கச் செய்திருக்கிறது, கெட்டது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம், ஆனால் இனிப் புகை கூடாது என்றார் அவர். இந்த உத்தியோகத்தில் இருந்துகொண்டு புகை கூடாது என்றால் எப்படி என்று தம்பி கேட்டார். அதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

முடிவு செய்வது எளிதாக இல்லை. தம்பி பழைய ஓய்வூதியத் திட்டத்தில் சேர்ந்தவர். முப்பது ஆண்டு பணி நிறைந்தால் முழு ஓய்வூதியம். இருபது ஆண்டு நிறைந்தவர் விருப்ப ஓய்வு கேட்கலாம். ஆனால் பணிக்காலம் குறைந்த அளவுக்கு ஓய்வூதியமும் குறையும். சம்பளம் உயரும் ஆண்டுகளை விட்டுவிட்டு வருவதால், பின்னாளில் மனைவிக்கு வரும் குடும்ப ஓய்வூதியமும் குறைவாகவே அமையும். தம்பி இருபதைக் கடந்திருந்தார். முப்பதுக்கு இன்னும் தொலைவு இருந்தது. மகளும் மகனும் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் அவருடைய மூச்சு, மறுபக்கம் அந்த வீட்டின் அடுப்பு. இதுதான் எங்கள் முன் நின்ற கேள்வி.

ஒரு ஞாயிறு காலை இதைப் பேசுவதற்காகச் சித்தப்பா மகாராஜபுரத்திலிருந்து இராஜபாளையம் வந்தார். அவருடன் என் கணவரின் அண்ணனான பெரிய மைத்துனரும் வந்திருந்தார். அவரும் ஓய்வுபெற்ற காவலர். நானும் போயிருந்தேன். ஆண்கள் கூடத்தில் அமர்ந்தனர். நானும் செண்பகமும் அடுக்களையில் இருந்தோம். கதவு திறந்திருந்தது.

“ஏலே, முப்பது வருசம் முடிச்சாத்தான் முழுப் பென்சன்” என்று சித்தப்பா தொடங்கினார். “நம்ம வீட்ல எவனும் பாதியில இறங்குனது கிடையாது.”

“டாக்டர் சொன்னதைச் சொன்னேன்லா சித்தப்பா.”

“டாக்டர் எல்லாத்துக்கும்தான் சொல்லுவாரு. முட்டி தேஞ்சு போச்சு, நிக்கக் கூடாதுன்னு எனக்குச் சொல்லலையா? நான் தேர்ப் பந்தோபஸ்துக்கு நிக்கலையா?”

“நின்னீய. அதான் இப்பப் பஸ்ஸை விட்டு எறக்க ரெண்டு ஆளு வேண்டியிருக்கு” என்றார் மைத்துனர்.

“நீ சும்மா இருடே” என்று அவரை அடக்கிவிட்டுச் சித்தப்பா வேறு வழி சொன்னார். “அப்ப மெடிக்கல் போர்டுக்குப் போ. உடம்புக்கு ஆகலைன்னு எழுதி வாங்கிட்டு வா.”

தம்பி இதற்கு மட்டும் சட்டென்று பதில் சொன்னார். “அது வேண்டாம் சித்தப்பா. நாலு பேரு கூடி உக்காந்து, இவன் ஆகாதவன்னு எழுதிக் குடுத்துப் போக எனக்கு மனசு வரல. போனா நானாப் போறேன்.”

பிறகு சித்தப்பா குரலைத் தாழ்த்தினார்.

“இன்னொண்ணு சொல்லுதேன், தப்பா எடுக்காத. சர்வீஸ்ல இருக்கும்போது ஏதாச்சும் ஒண்ணு ஆனா, பிள்ளைக்கு வேலை உண்டு. வெளிய வந்த பொறவு ஆனா ஒண்ணும் கிடையாது. எல்லாத்தையும் யோசிக்கணும்லா.”

இதைப் படிப்பவர்கள் சித்தப்பாவைக் கடின நெஞ்சினர் என்று எண்ணிவிடக் கூடாது. அவரிடம் காட்டி, அவர் இசைவு பெற்றே இதை எழுதுகிறேன். சீருடை அணிந்த குடும்பங்களில் இப்பேச்சு மழையையும் வெயிலையும் பேசுவதுபோல் இயல்பாகிவிட்டது. துக்க வீட்டுக்குப் போனால், எப்படி இறந்தார் என்று கேட்பதற்கு முன்பே, “சர்வீஸ்லயா, ரிட்டையர்டா?” என்று கேட்கிறோம். பணியில் இருந்தார் என்றால் நம்மையறியாமல் ஒரு பெருமூச்சு விடுகிறோம். பிள்ளை பிழைத்துக்கொள்வான் என்கிறோம். ஒரு மனிதர் உயிரோடு அமர்ந்து கேட்டுக்கொண்டிருக்கும்போதே அந்தக் கணக்கைப் போடுவது நம் பக்கத்துக் குடும்பங்களுக்கே உரிய பிழை. அன்பினால் செய்யும் பிழை என்பதால் அது பிழை என்றே நமக்குத் தோன்றுவதில்லை.

தம்பி தலை குனிந்த விதத்தைப் பார்த்தபோது, அந்தக் கணக்கை அவரே முன்னமே போட்டுப் பார்த்திருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது.

செண்பகம் காப்பித் தட்டுடன் கூடத்துக்குள் போனாள். எல்லாருக்கும் கொடுத்தாள். வழக்கம்போல் திரும்பி வருவாள் என்று நினைத்தேன். அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டு ஆண்களுக்கு எதிரே தரையில் அமர்ந்தாள்.

“சின்ன மாமா, நான் ஒண்ணு கேக்கணும்.”

“கேளும்மா.”

“எம் மகனுக்கு அந்த வேலை கிடைக்கணும்னா யாரு சாகணும்?”

மைத்துனர் தம்ளரைக் கீழே வைத்தார்.

“பேச்சுக்குச் சொன்னேன் தாயி” என்றார் சித்தப்பா.

“பேச்சுக்குத்தான் மாமா நானும் கேக்கேன். பிள்ளைக்கு வேலை வேணும்னா அவன் படிச்சு வாங்கட்டும். வாங்கலையா, கூமாப்பட்டியில எங்க அய்யா தோப்புல தேங்கா பொறுக்கட்டும். அவிய உயிருக்கு மாத்தா வருத வேலை எங்க வீட்டுக்கு வேண்டாம்.”

சித்தப்பா நெடுநேரம் காப்பியை ஆற்றினார். பிறகு, “சரி, பெருமாள்கிட்ட விட்ருவோம். மூத்தவ இருக்கா. பூக்கட்டிப் போட்டுக் கேட்ருவோம்” என்றார். வெள்ளைப்பூ ஒரு பொட்டலம், சிவப்புப்பூ ஒரு பொட்டலம் எனக் கட்டிச் சன்னிதியில் வைத்து, ஒன்றை எடுக்கச் சொல்லி உத்தரவு கேட்பது எங்கள் குடும்ப வழக்கம். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் வாய் திறப்பதற்குள் செண்பகமே பேசினாள்.

“சாமியை எதுக்கு மாமா இதுல இழுக்கிய? அவரு மதுரையில டாக்டர் வாயால ஒரு தடவை சொல்லியாச்சு. சொன்னதையே திரும்பக் கேட்டா அவருக்கும் கோவம் வரும்.”

முதலில் சிரித்தது நான்தான். பிறகு மைத்துனர். கடைசியில் சித்தப்பாவும் சிரித்துவிட்டார். தம்பி மட்டும் சிரிக்கவில்லை. அவர் தம் மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். பணியில் சேர்ந்ததையும் ஊர் மாறியதையும் அவர் அவளிடம் அறிவித்திருக்கிறாரே அன்றிக் கேட்டதில்லை. அன்று கேட்டார்.

“நீ என்ன சொல்லுத?”

“குறைஞ்ச பென்சன்ல நான் குடும்பம் நடத்திருவேன். நீங்க இல்லாத வீட்ல முழுப் பென்சனை வச்சுக்கிட்டு என்ன செய்யன்னு எனக்குத் தெரியாது.”

மறுநாள் தம்பி விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்தார்.

அவர் விடைபெற்ற நாளில் ஒரு வேடிக்கை நடந்தது. நிலையத்துத் தோழர்கள் மாலையிட்டு, அவரைத் தீயணைப்பு வண்டியின் முன்னிருக்கையில் அமர்த்தி, வீட்டு வாசல் வரை கொண்டுவந்து இறக்கினார்கள். சிவப்பு வண்டி தெருவுக்குள் நுழைந்ததைக் கண்ட அக்கம்பக்கத்தார், தம்பி வீட்டிலேயே தீப்பிடித்துவிட்டது என்று எண்ணி வாளியும் குடமுமாக ஓடிவந்தனர். ஒருவர் வீசிய தண்ணீரில் தம்பியின் மாலை நனைந்தது. “வேலையை விட்டாலும் தண்ணி விட மாட்டேங்கு” என்று சொல்லித் துடைத்துக்கொண்டார். கொண்டுவந்த தண்ணீரை வீணாக்க மனமின்றி அந்தப் பெண்கள் செண்பகத்தின் வேப்பங்கன்றுக்கு ஊற்றிவிட்டுப் போனார்கள்.

முதற்சில மாதங்கள் கடினமாகவே இருந்தன. தொலைவில் மணியொலி கேட்டால் தம்பி எழுந்து நின்றுவிடுவார். “எந்திரிச்சதுதான் எந்திரிச்சிய, அந்தத் துணியை எடுத்துக் கொடியில போட்டுட்டு வாங்க” என்பாள் செண்பகம். கேலியாகச் சொன்னாலும் அவர் கை வெறுமையாக இருக்க அவள் விடவில்லை. அவளும் சில காலம் மருத்துவமனைகளுக்குப் போகும் கட்டுத்துணி மடிக்கும் வேலைக்குப் போய்வந்தாள். தம்பி மகாராஜபுரத்துத் தென்னைகளைப் பார்த்துக்கொண்டார். பிள்ளைகளின் படிப்பு ஒரு நாளும் நிற்கவில்லை.

அக்காலத்தில் ஒருநாள் கோயிலில் என்னருகே அமர்ந்து, “ஓடிப் போய் உதவுன ஆளு இப்பச் சும்மா உக்காந்திருக்கேன்க்கா” என்றார். சன்னிதியைக் காட்டினேன். யானைக்காக ஓடோடி வந்த அதே பெருமாள்தான் இங்கே ஆலிலைமேல் கண்வளர்கிறான். ஓட்டமும் அவன் திருக்கோலம், ஓய்வும் அவன் திருக்கோலம், இரண்டையும்தானே சேவிக்கிறோம் என்றேன். தம்பி சற்று நேரம் அந்தக் கிடந்த கோலத்தையே பார்த்திருந்தார்.

“அவருக்குப் பென்சன் கவலை இல்லையேக்கா” என்றார்.

அவர் வேடிக்கையாகப் பேசத் தொடங்கியதும் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. அடுத்த புரட்டாசியில் அவர் திருவண்ணாமலைப் படிகளில் மெல்ல மெல்ல, நின்று நின்று, உச்சிவரை ஏறினார்.

பிறகு நிகழ்ந்தது எவரும் எதிர்பாராதது. தம்பி விருப்ப ஓய்வில் வந்த செய்தி பரவவே, காவல்துறையிலும் தீயணைப்புத் துறையிலும் இருப்பவர்கள் ஞாயிறுதோறும் அவரைத் தேடி வரலாயினர். முழங்கால் வலி, முதுகு வலி, உறக்கமின்மை, மேலதிகாரியோடு மனத்தாங்கல் என ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம். இருக்கலாமா, வெளியே வரலாமா என்பதே எல்லாருடைய கேள்வியும். தம்பி வைத்திருந்த விதி ஒன்றே ஒன்று. தனியாக வருபவரிடம் பேச மாட்டார். “வீட்டம்மாவைக் கூட்டிட்டு வாங்க” என்று காப்பி கொடுத்து அனுப்பிவிடுவார். பெண் காவலர் வந்தால், “வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாம்மா” என்பார்.

நான் உடனிருந்த ஒரு நாளைச் சொல்கிறேன். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஓர் ஏட்டும் அவர் மனைவியும் வந்திருந்தனர். ஏட்டு பின்னாளில் பணியில் சேர்ந்தவர். சம்பளத்தில் பிடித்துச் சேர்க்கும் பங்களிப்புத் திட்டத்தைச் சேர்ந்தவர்.

“அண்ணாச்சி, எனக்கு எம்புட்டு வரும்னு சொல்லுங்க.”

“உங்க திட்டம் வேற, எங்க திட்டம் வேற. என் கணக்கு உங்களுக்குச் செல்லாது. அதை ஆபீஸ்ல கேட்டு, எழுத்துல வாங்கிட்டு வாங்க. வாய்ப்பேச்சை நம்பி இறங்காதிய. மத்ததைப் பேசுவோம்.” அந்த அம்மையாரைப் பார்த்துக் கேட்டார். “இவரு நாள் பூரா வீட்ல இருந்தா உங்களுக்குத் தாங்குமாம்மா?”

“அடுக்களைக்குள்ள வந்து விசாரணை பண்ணாம இருந்தாத் தாங்கும்” என்றார் அவர்.

“நான் எப்பட்டி விசாரணை பண்ணுனேன்?”

“புளி எங்க போச்சு, போன வாரந்தான வாங்குனேன்னு கேட்டது யாரு? புளி என்ன தலைமறைவாவா இருக்கு?”

தம்பி சிரித்துச் சிரித்து இருமினார். பிறகு பொறுமையாக ஏட்டிடம் கேட்டபோது உண்மை வெளிவந்தது. அவருக்கு உடம்பில் ஒன்றுமில்லை; ஓர் அதிகாரி பலர் முன்னிலையில் திட்டிவிட்டார்; அந்தச் சினத்தில் வேலையை விட நினைக்கிறார். மனைவிக்கே அது அன்றுதான் தெரிந்தது. “இதை ஏன் எங்கிட்டச் சொல்லல?” என்று அவர் கேட்ட குரலில் கேலி இல்லை. தம்பி எழுந்து அவர்கள் இருவரையும் தனியே விட்டுவிட்டு வந்தார். அந்த ஏட்டு பணியில் தொடர்ந்தார். வேறு நிலையத்துக்கு மாற்றல் வாங்கினார்.

இராஜபாளையத்திலேயே இன்னொருவர், தம்பியோடு பணிபுரிந்தவர், இதய நோய் உள்ளவர். அவரும் மனைவியும் பலமுறை வந்து பேசியபின் அவர் விருப்ப ஓய்வில் வெளியே வந்தார். இரண்டும் நல்ல முடிவுகளே. எவரையும் இறங்கு என்றோ இரு என்றோ தம்பி சொன்னதில்லை. ஒரே கூரையின்கீழ் இருந்துகொண்டு தனித்தனியே அஞ்சிக்கொண்டிருந்த இருவரை எதிரெதிரே அமரவைத்தார். அவ்வளவே அவர் செய்தது.

தம்பியின் பொறுமையும், சிக்கனமும், பிறர் புகழைக் கேட்டு மகிழும் குணமும் உங்கள் அனைவருக்கும் தெரியும். மகளை முதுகலை வரை படிக்கவைத்து மணம் முடித்தார். மகன் எவருடைய கருணையாலும் அன்றித் தன் தேர்வில் தானே வென்று வங்கிப் பணிக்குச் சென்றான். அந்தச் செய்தி வந்த நாளில் தம்பி செண்பகத்திடம், “தேங்கா பொறுக்க ஆள் இல்லாமப் போச்சே” என்றார்.

பணியில் நீடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நாராயணன் ஒருவனே அறிவான். விட்டு வந்ததால் என்ன கிடைத்தது என்பதை நாங்கள் அறிவோம். தீபாவளிதோறும் அவர் வீட்டில் இருந்தார். பேத்தியின் நடையைப் பார்த்தார். மார்கழி விடியல்களில் தூணருகே நிற்காமல் எங்களோடு அமர்ந்து சேவித்தார்.

சென்ற ஆண்டு நுரையீரலில் தொற்று ஏற்பட்டு மதுரையில் மருத்துவமனையில் சேர்த்தோம். இம்முறை மீள்வது அரிது என்று அவரே உணர்ந்திருந்தார். ஒரு பிற்பகல், பிராணவாயுக் குழாயைச் சற்று விலக்கச் சொல்லிச் செண்பகத்திடம் பேசினார். நான் கட்டில் ஓரத்தில் இருந்தேன்.

“நான் பாட்டுக்கு இறங்கி வந்துட்டேன். முழுசா முடிச்சிருந்தா உனக்குப் பின்னால கூடக் கொஞ்சம் வந்திருக்கும்.”

“எது வந்திருக்கும்?” என்றாள் செண்பகம்.

“பென்சன்தான்.”

“அந்தக் கூடக் கொஞ்சமா என்கூட உக்காந்து சண்டை போட்டிருக்கும்? கணக்குப் பாக்காமப் படுங்க.”

அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. குழாயைத் தாமே சரிசெய்துகொண்டார். அதன்பின் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. சில நாட்களில், மனைவி மக்கள் சூழ்ந்திருக்க, திருநாமம் ஒலிக்க, அமைதியாகத் திருநாட்டுக்கு எழுந்தருளினார்.

தம்பியைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்ட மதுரை மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் எங்கள் நன்றி. ஓய்வு பெற்று ஆண்டுகள் பல கடந்தும், தம்முள் ஒருவர் என்றெண்ணிச் சீருடையில் வந்து தோள் கொடுத்த நிலையத்துத் தோழர்களுக்கு என்ன சொல்லி நன்றி கூறுவது என்று தெரியவில்லை. கூமாப்பட்டி உறவினர்க்கும், மகாராஜபுரத்து ஊராருக்கும், ஞாயிறு காலைகளில் அவர் பேச்சுக்குத் துணையிருந்து, இறுதி நாளில் இணை இணையாக வந்து நின்ற காவல், தீயணைப்புக் குடும்பங்களுக்கும் தலைவணங்குகிறோம். எங்கள் செண்பகத்துக்கு நன்றி என்ற சொல் போதாது. அவளுக்கு நெடிய ஆயுளைத் தரும்படி கோயிலில் தாயாரை நாள்தோறும் வேண்டுகிறேன்.

இம்மலர் அச்சுக்குப் போகும் வேளையில் வந்த ஒரு மகிழ்ச்சியையும் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். சித்தப்பாவின் பேத்தி தீயணைப்புத் துறைக்குத் தேர்வாகியிருக்கிறாள். எங்கள் குடும்பத்தில் சீருடை அணியும் முதற்பெண். பயிற்சிக்குப் புறப்படுமுன் மகாராஜபுரம் சென்று சித்தப்பாவின் காலில் விழுந்தாள். செண்பகமும் நானும் உடனிருந்தோம். முழுப் பணிக்காலமும் முடித்துப் பேர் வாங்க வேண்டும் என்று அவர் வாழ்த்துவார் என எதிர்பார்த்தோம். அதுதான் அவர் எல்லாருக்கும் சொல்லி வந்த வாழ்த்து. அன்று அவர் குங்குமம் எடுத்த விரலை நெற்றியருகே நிறுத்திச் சிறிது நேரம் யோசித்தார்.

“நல்லா வேலை பாரு தாயி. கூப்பிட்டா ஓடு. உடம்பு முடியலைன்னா எங்கிட்ட வந்து கேக்காத. உன் வீட்ல உள்ளவனைக் கேளு. வர வேண்டிய நேரத்துல வந்துரு.”

செண்பகம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பிள்ளைக்குப் பசிக்கும் என்று இலை போடப் போனாள்.